யார் யாருக்கு ஒத்துழைப்பது?

1

'ஒத்துழைக்காத நோயாளி' என்று ஒரு பேச்சு நம் ஆஸ்பத்திரிகளில் புழங்குகிறது. மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர், சொன்ன தேதிக்கு வராதவர், சளி எடுத்துக் கொடுக்காதவர், 'இது எதுக்குங்க சார்' என்று கேட்டுவிட்டவர், எல்லோருக்கும் இந்த ஒரே பெயர்தான். 'ஒத்துழைக்காத டாக்டர்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'ஒத்துழைக்காத ஆஸ்பத்திரி' என்று? நான் கேட்டதில்லை. ஒத்துழைப்பு என்பது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற காரியம். அது நடக்காமல் போனால் பழி மட்டும் ஒருத்தர் தலையில் விழுகிறது. அந்த ஒருத்தர் பெரும்பாலும் நம்ம ஆளாக இருக்கிறார்.

தமிழ் படித்ததால் சொல்லைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஒத்து உழைப்பது ஒத்துழைப்பு. உழைப்பு என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 'ஒத்து' என்பதுதான் முக்கியம். இசைந்து, சமமாக நின்று என்று பொருள். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் இந்தச் சொல்லிலிருந்து 'ஒத்து' கழன்று விழுந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது 'சொன்னதைச் செய்' என்பது மட்டுமே. அதற்குத் தமிழில் கீழ்ப்படிதல் என்று வேறு சொல் இருக்கிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. மருத்துவம் இன்று ஆஸ்பத்திரிச் சுவரைத் தாண்டி வீட்டுக்கு வருகிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. படுத்த படுக்கையாகக் கிடப்பவரை வீட்டிலேயே வந்து பார்க்கிறார்கள். வரவேண்டியதுதான். பஸ் ஏறி, கூலியை விட்டு, வரிசையில் நின்று செத்தவர்கள் நம் சனங்கள். அதனால் இதை நான் குறைத்துப் பேசவில்லை. சமுதாயம் சார்ந்த மருத்துவம், மக்கள் பங்கேற்பு, நோயாளியோடு கூட்டாகச் செயல்படுதல் என்றெல்லாம் அறிக்கைகளில் எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆனால் 'சமுதாயம்' என்று அவர்கள் எழுதுகிற இடத்தில் நமக்கு ஊர் என்றும் சேரி என்றும் இரண்டு இருக்கின்றன. மருத்துவம் வீட்டுக்கு வருகிறது என்றால் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு?

கேள்வி இதுதான். தனக்குச் சமம் என்று நினைக்காத ஒருவரிடம் போய் 'எனக்கு ஒத்துழை' என்று கேட்க யாருக்காவது நியாயம் இருக்கிறதா? காசநோயை வைத்து இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன். நம் தெருக்களுக்கு நன்றாகத் தெரிந்த நோய் அது.

2

வீட்டில் வைத்தே வைத்தியம் பார்க்கலாம் என்பதை உலகத்துக்குச் சொன்னதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1950களில் டி.பி. என்றால் சானடோரியம். நல்ல காற்று, படுக்கை ஓய்வு, பால், முட்டை. தாம்பரத்துக்கு அடுத்த இரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் அந்தப் படுக்கைகள் எந்த மூலைக்கு?

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு ஆய்வு மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் முன்னின்று நடத்தினார். 193 ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில் இருந்தது. மற்றப் பிரிவு தன் வீட்டில் இருந்தது. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். 1959இல் முடிவை வெளியிட்டார்கள். நெருக்கடியான வீட்டில், குறைந்த சாப்பாட்டில், வேலைக்கும் போய்க்கொண்டு இருந்தவர்கள் ஏறக்குறைய சானடோரியத்தில் படுத்திருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகத்தில் பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்த ஏழைகள் ஒரு வருடம் வயிற்றைப் புரட்டுகிற பி.ஏ.எஸ். மருந்தை விழுங்கினார்கள். சளி கொடுத்தார்கள். எக்ஸ்ரேக்கு நின்றார்கள். வீட்டைத் திறந்து காட்டினார்கள். அவர்கள் இல்லாமல் அந்த அறிவு இல்லை. கூட்டு முயற்சி என்றால் இதுதானே? ஆனால் ஆய்வுக்குப் பெயர் கொடுத்தவர்கள் வரலாற்றில் இருக்கிறார்கள். உடம்பைக் கொடுத்தவர்கள் ஒரு எண்ணாக இருக்கிறார்கள்.

அந்த ஆய்விலிருந்தும் அதைத் தொடர்ந்து வந்தவற்றிலிருந்தும் இரண்டு பாடங்களை எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு மாத்திரை கொடுத்துவிட்டால் பலர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. திடீரென்று வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், குட்டு வெளிப்பட்டது. ஆகவே கண் முன்னால் விழுங்க வை. இது ஒரு பாடம். நல்ல சாப்பாடு இல்லாமலே இவர்கள் குணமாகிவிட்டார்கள். ஆகவே மருந்து கொடுத்தால் போதும், சோறு திட்டத்தின் வேலை இல்லை. இது இரண்டாவது பாடம். ஏழையைக் கண்காணி, ஏழைக்குச் சோறு போடத் தேவையில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்குப் பழக்கமான ஒரு பண்ணையாரின் குரல் கேட்கவில்லையா?

மருந்தை ஏன் விழுங்கவில்லை என்று சோதித்தவர்கள் அதை ஒரு கேள்வியாகவே கேட்டிருந்தால் வேறொரு பாடமும் கிடைத்திருக்கும்.

3

1993இல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலக அவசரநிலை என்று அறிவித்தது. 1997இல் இந்தியாவில் டாட்ஸ் முறை பெரிய அளவில் தொடங்கி 2006இல் நாடு முழுக்கப் பரவியது. நேரடிக் கண்காணிப்பில் மருந்து கொடுப்பதுதான் அதன் சாரம். கண்காணிக்கிற ஆள் 'சமுதாயத்திலிருந்தே' வரவேண்டும் என்றார்கள். அங்கன்வாடி ஊழியர், கடைக்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியர், இப்படி யாராவது.

2011இல் என் சித்தப்பாவுக்கு டி.பி. என்று தெரிந்தது. நான் அப்போது எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு விழுப்புரம் பக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு மூன்று தடவை, ஒரு தடவைக்கு ஏழு மாத்திரை. ஆறு மாதத்துக்கான மருந்தும் அவர் பேர் எழுதிய ஒரு சிவப்பு அட்டைப் பெட்டியில் இருந்தது. பெட்டி காலனியில் இல்லை. மருந்து கொடுக்கிற பொறுப்பில் இருந்த அம்மாவின் வீட்டில், ஊர்த்தெருவில் இருந்தது.

மாத்திரையை விழுங்கத் தண்ணீர் வேண்டும். ஏழு மாத்திரைக்கு ஒரு சொம்புத் தண்ணீராவது வேண்டும். திட்டம் போட்டவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். மாத்திரை அட்டை, பெட்டி, நிறம், குறிப்பதற்குக் கட்டம் எல்லாம் இருந்தன. தண்ணீர் யாருடைய டம்ளரில் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. சித்தப்பா ஒரு பழைய பாட்டிலில் வீட்டுத் தண்ணீரைப் பிடித்து எடுத்துக்கொண்டு போவார். மாட்டுக் கொட்டகை ஓரம் நிற்பார். அந்த அம்மா மாத்திரையைத் திண்ணை விளிம்பில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று, 'சீக்கிரம் போட்டுக்க' என்பார். அவருக்கு வயது முப்பதுக்குள். சித்தப்பாவுக்கு ஐம்பத்தி நாலு. 'போட்டுக்க' என்பதுதான் மரியாதை.

இருமுகிறவரிடம் தள்ளி நிற்பது நோய்க்குப் பயந்தா, சாதிக்குப் பயந்தா? இதை நான் சித்தப்பாவிடமே கேட்டேன். சிரித்தார். 'நோவு ஆறு மாசந்தான்டா. அது போயிடும்' என்றார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த அம்மா ஒரு நாள்கூட மருந்து கொடுக்காமல் இருந்ததில்லை. சித்தப்பா வரத் தாமதமானால் பள்ளிக்கூடத்துப் பையனிடம் சொல்லி அனுப்புவார். கட்டங்கள் எல்லாம் நிரம்பின. சித்தப்பாவுக்குக் குணமும் ஆகிவிட்டது. திட்டத்தின் கணக்கில் இது முழு வெற்றி. நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, 'நோய் தீர்ந்துடுச்சில்ல, அப்புறம் என்னப்பா?' என்றார்.

இங்கேதான் நம் கேள்வி ஒழுக்கக் கேள்வியாகிறது. விளைவு நன்றாக இருந்தால் உறவும் நன்றாக இருந்ததாக ஆகிவிடுமா? மாட்டுக்கும் மருந்து கொடுத்துக் குணமாக்குகிறோம். அதை மாட்டின் ஒத்துழைப்பு என்று யாரும் சொல்வதில்லை. சித்தப்பா ஆறு மாதம் தன் மரியாதையைத் திண்ணை விளிம்பில் வைத்துவிட்டு மாத்திரையை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரில் ஒருவர்தான் விலை கொடுத்திருக்கிறார். அந்த விலையைக் கொடுக்க முடியாமல் நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை. அவர்களுக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

4

அந்தப் பெயர் 'டிஃபால்டர்'. தொடர்ந்து இரண்டு மாதம் மருந்தை விட்டவர் டிஃபால்டர். பாங்கில் கடன் கட்டாதவரைச் சொல்கிற அதே வார்த்தை. நோயாளி என்னவோ அரசாங்கத்திடம் கடன் வாங்கி ஏமாற்றிவிட்டதைப் போல.

பக்கத்துக் காலனியில் எனக்கு மாமா முறை ஆகிற ஒருவர் அந்தப் பட்டியலில் இருந்தார். கரும்பு வெட்டப் போகிற கூட்டத்தில் ஒருவர். மேஸ்திரியிடம் குடும்பத்தோடு முன்பணம் வாங்கியாகிவிட்டது. மூன்றாம் மாத மருந்து நடக்கும்போது வெட்டு தொடங்கிவிட்டது. பெட்டி இங்கே, ஆள் அங்கே. திரும்பி வந்தபோது எலும்பும் தோலுமாக வந்தார். ஆஸ்பத்திரியில் திட்டினார்கள். என்னிடம் சொன்னார்: 'போவாம இருந்தா மேஸ்திரிகிட்ட நான் ஏமாத்துக்காரன். போனா இவங்ககிட்ட ஏமாத்துக்காரன். நான் எங்கதான் மாப்ள நிக்கிறது?'

இதை நோயாளியின் புலம்பல் என்று எடுத்துக்கொள்ளலாம். அல்லது ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம். தகவலாக எடுத்திருந்தால், எந்த மாதத்தில் எந்தக் காலனி காலியாகும், எந்த ஆலைப் பக்கம் போகும், மருந்தை அங்கே எப்படிச் சேர்ப்பது என்று கேட்டிருப்பார்கள். எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் அந்த விவரம் தெரியும். கேட்க ஆள் இல்லை.

சோற்றுக் கதையும் இப்படித்தான். 'மாத்திரை போட்டா பசி தாங்கல' என்று டி.பி. வந்தவர்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். 'வெறும் வயித்துல போட்டா எரியுது, கஞ்சிதான் இருக்குது' என்று சொன்ன பெண்களை எனக்குத் தெரியும். பதில் என்ன கிடைக்கும்? 'முட்டை சாப்பிடு, பால் குடி, பழம் சாப்பிடு.' கூலிக்காரியிடம் இப்படிச் சொல்வது அறிவுரை இல்லை, கேலி.

2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மாதவி பார்கவா, அனுராக் பார்கவா ஆகிய மருத்துவர்கள் முன்னின்று நடத்தியது. நோயாளிகள் எல்லோருக்கும் மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பிரிவில் அவர்கள் குடும்பத்தாருக்கும் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். சாப்பாடு கிடைத்த குடும்பங்களில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் எடை கூடிய நோயாளிகளிடையே சாவும் வெகுவாகக் குறைந்திருந்தது. 2023 ஆகஸ்டில் இது வெளியானது. உலகமே பாராட்டியது. நானும் பாராட்டுகிறேன். ஆனால் 1959க்கும் 2023க்கும் நடுவில் அறுபத்து நாலு வருடம் இருக்கிறது. அவ்வளவு காலமும் பசிக்கிறது என்று சொன்னவர் வாய் அறிவு இல்லாத வாயாக இருந்திருக்கிறது. ஆராய்ச்சி சொன்ன பிறகுதான் பசி உண்மையானது.

தலித்தின் சாட்சியம் நம்பப்படாது என்பது நீதிமன்றத்தில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. தன் வயிற்றைப் பற்றி அவர் சொல்வதற்கே வேறு சாட்சி தேவைப்படுகிறது. ஒத்துழைப்புக்கு முதல் நிபந்தனை சொல்லை நம்புவது. நம்பாதவரோடு வேலை செய்யலாம், ஒத்து வேலை செய்ய முடியாது.

மாற்றம் எதுவும் வரவில்லை என்று சொல்லவில்லை. 2013இல் உலக சுகாதார நிறுவனம் 'டிஃபால்டர்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டது. 2017இல் தினசரி மருந்து முறை வந்தது. 2018இல் சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் வந்தது. 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் தெரிந்தவுடனே எடை என்ன, காலில் வீக்கம் இருக்கிறதா, மூச்சு எப்படி இருக்கிறது, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். நல்ல காரியம். நோயாளியின் உடம்பைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நோயாளியைக் கேட்பது இன்னும் பாக்கி இருக்கிறது.

5

அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நூலில் எடுத்துக்காட்டுகிற ஒரு கடிதம் உண்டு. 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வந்தது. கத்தியவாரைச் சேர்ந்த ஒரு தலித் பள்ளி ஆசிரியர் எழுதியது. பிள்ளை பெற்ற அவருடைய மனைவிக்கு உடம்பு சரியில்லை. டாக்டர் சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார். பெரிய மனிதர்களைப் பிடித்து, இரண்டு ரூபாய் கட்டணம் பேசி அழைத்தபோதும், நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால்தான் பார்ப்பேன் என்கிறார். இரண்டு நாள் பச்சை உடம்புக்காரியைத் தூக்கிவந்தார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்தார். திரும்பவும் அதே வரிசையில் டாக்டரிடம் வந்தது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்து நிமோனியா என்றார். அந்தப் பெண் செத்துப்போனார்.

இது பழைய கதை என்பார்கள். 2001-02இல் பதினொரு மாநிலங்களில் 565 கிராமங்களில் எடுத்த கணக்கெடுப்பு 2006இல் நூலாக வந்தது. மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் அரசு சுகாதார ஊழியர்கள் தலித் வீடுகளுக்குப் போக மறுத்தார்கள் என்று அது சொல்கிறது. தெர்மாமீட்டரைக் கை மாற்றிக் கொடுத்தவர் காலம் போய், கையே நீளாத காலம் வந்தது.

இப்போது இன்னொரு திருப்பம். வீடு தேடி வருகிற மருத்துவத்தில் தன்னார்வலர்களாக நம் பெண்களும் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் எனக்கு அண்ணி முறை ஆகிற ஒருவர் இந்த வேலை பார்க்கிறார். பிரஷர் பார்க்க ஊர்த்தெருவுக்கும் போகவேண்டும். பிரஷர் பார்க்கத் தொட்டாகவேண்டும். கையைப் பிடித்துப் பட்டையைச் சுற்றாமல் எந்த மிஷினும் எண் காட்டாது. 'உள்ள கூப்புட மாட்டாங்க தம்பி. திண்ணையில ஒக்காந்துகிட்டுக் கைய மட்டும் நீட்டுவாங்க. நான் நின்னுகிட்டேதான் பட்டைய சுத்துவேன். ஒரு கெழவரு சுத்தி முடிச்சதும் கைய தொடைச்சிப்பாரு. ஆனா மாசம் பொறந்தா, ஏன்டி இன்னும் வரலன்னு அவருதான் மொதல்ல கேப்பாரு' என்றார்.

இங்கே தொழில் தெரிந்தவர் தலித், நோயாளி சாதிக்காரர். மருத்துவம் தெரிந்தவருக்கு அதிகாரம் இருக்கிறது, நோயாளி கீழே இருக்கிறார் என்று சமூகவியல் படித்தவர்கள் எழுதுகிறார்கள். நம் ஊரில் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. படித்தவராக இருந்தாலும், மருந்து கொடுப்பவராக இருந்தாலும் அண்ணி 'ஏன்டி' தான். ஆக, நோயாளிக்கும் மருத்துவருக்கும் உள்ள உறவைச் சரிசெய்தால் போதும் என்பது பாதி உண்மை. அந்த உறவு நிற்கிற தரையைச் சாதி போட்டிருக்கிறது.

ஊழியர்களையும் நான் எதிரியாக்கவில்லை. அண்ணியைப் போன்றவர்களுக்கு வருவது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. மேலே இருந்து 'எத்தனை பேர், எத்தனை பேர்' என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எண் குறைந்தால் அவருக்குத் திட்டு. அவர் வந்து நோயாளியைத் திட்டவேண்டும். திட்டு மேலிருந்து கீழே வருகிற வழியில் எங்கேயும் நிற்பதில்லை. 'காலனியில ஏன் மருந்து சாப்புடறதில்ல' என்பதற்கு அண்ணி சொல்கிற காரணம் மேலே போகிற வழிதான் அடைபட்டிருக்கிறது.

6

இதற்கெல்லாம் மறுப்பு உண்டு. அதையும் பேசிவிட வேண்டும்.

டி.பி. தொற்றுநோய். மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். மற்றவருக்கும் அதையே பரப்பும். அப்படியிருக்க மரியாதை, சமத்துவம் என்று பேசிக்கொண்டிருக்க முடியுமா, கட்டாயப்படுத்தித்தானே ஆகவேண்டும் என்று கேட்பார்கள். அபாயம் உண்மைதான். அது முதலில் தாக்குவதும் நம் தெருவைத்தான். ஆனால் கண் முன்னால் விழுங்க வைப்பதால் குணம் கூடுகிறதா? இதைச் சோதித்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2015இல் காக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்பு அமைப்பு பார்த்தது. தானாக மருந்து சாப்பிட்டவர்களைவிடக் கண்காணிக்கப்பட்டவர்கள் பெரிதாக அதிகம் குணமாகிவிடவில்லை என்றுதான் வந்தது. பிறகு மாத்திரை அட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்த எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்கிற முறை வந்தது. கண்காணிப்பவர் போய்விட்டார், கண்காணிப்பு இருக்கிறது. பசியைப் பற்றிச் சொல்ல அந்த எண்ணில் ஆள் இல்லை.

நோயாளி சொல்வதெல்லாம் சரியா என்ற கேள்வியும் வரும். இல்லை. இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் 'சரியாயிடுச்சி' என்று மாத்திரையை விட்டவர்கள் நம்மில் உண்டு. சிறுநீர் சிவப்பாகப் போவதைப் பார்த்து இரத்தம் போகிறது என்று பயந்து நிறுத்தியவர்கள் உண்டு. அது மருந்தின் நிறம் என்று அவர்களுக்குத் தெரியாது. மருந்தோடு சாராயமும் குடித்தவர்கள் உண்டு. தலித் என்பதால் ஒருவருக்கு நுரையீரலைப் பற்றிய அறிவு வந்துவிடாது. மருத்துவர் படித்தது பெரிய படிப்புதான், நமக்கு அது வேண்டும். ஆனால் ஒருவருக்கு மருந்து தெரியும், இன்னொருவருக்குத் தன் வாழ்க்கை தெரியும். சிறுநீர் ஏன் சிவக்கிறது என்று முதல் நாளே சொல்வது அவருடைய பங்கு. நான் அடுத்த மாதம் கரும்புக்குப் போகிறேன் என்று சொல்வது இவருடைய பங்கு. திட்டு விழும் என்று தெரிந்தால் இவர் சொல்லமாட்டார். மறைத்துவிட்டுப் போவார். நோயாளி பொய் சொல்கிறார் என்று சலித்துக்கொள்பவர்கள், உண்மை சொன்னால் என்ன கிடைக்கும் என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

1978இல் அல்மா ஆட்டா நகரில் உலக நாடுகள் கூடி ஒரு பிரகடனம் செய்தன. தங்கள் சுகாதாரத்தைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமையும்கூட என்று அதில் இருக்கிறது. நம்மிடம் வந்து சேர்ந்தது கடமை மட்டும். திட்டமிடுகிற உரிமை நடுவழியில் யார் வீட்டுத் திண்ணையிலோ தங்கிவிட்டது.

7

வேறு மாதிரி நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது. வேலூர் மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே என்ற கணவனும் மனைவியும் 1970இல் மகாராஷ்டிரத்தில் ஜாம்கெட் என்ற வறண்ட பகுதிக்குப் போனார்கள். பயிற்சி பெற்ற நர்சுகள் கிராமத்தில் தங்கவில்லை. அதனால் ஊர்ப் பெண்களையே எடுத்துக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பலர் தலித் பெண்கள். பிரசவம், குழந்தை எடை, தொழுநோய், டி.பி. எல்லாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சாதி பார்க்காமல் ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகப் படுத்துத்தான் பயிற்சி. ஆழ்குழாய்க் கிணறுகளைத் தலித் குடியிருப்புப் பக்கம் போட வைத்தார்கள். மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே வரவேண்டியிருந்தது. தண்ணீர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் வைத்தியத்தின் பகுதி என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

வள்ளுவரும் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகத்தான் சொல்கிறார். நோயாளி, தீர்க்கிறவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்ப்பவர். முதலில் வைப்பது நோயாளியை. திருக்குறளைச் சுவரில் எழுதி வைத்திருக்கிற அரசு ஆஸ்பத்திரிகள் இந்த வரிசையை ஒருதரம் படித்துப் பார்க்கலாம்.

நாம் என்ன கேட்கவேண்டும்? நல்லெண்ணத்தைக் கேட்கவேண்டாம், அது வரும்போது வரட்டும். மருந்துப் பெட்டி காலனியிலும் இருக்கட்டும். கொடுக்கிறவர் காலனியிலிருந்தும் வரட்டும், அவருக்குச் சம்பளமாகக் கொடுக்கட்டும். வேலை தேடிப் போகிறவரின் மருந்து அவர் கூடவே போகட்டும். நோயிலிருந்து மீண்டவர்கள் மாவட்டக் காசநோய் மன்றத்தில் உட்காரலாம் என்று இருக்கிறது. அந்த நாற்காலியில் நம் ஆட்கள் உட்காரட்டும், பேசுவது கூட்டக் குறிப்பில் ஏறட்டும். வயசுக்கு மூத்தவரை 'வாங்க' என்று கூப்பிடட்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

இன்னொன்றும் கேட்கவேண்டும். 2024 மார்ச்சில் நாடு முழுக்கக் காசநோய் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. மூன்று மாதத்துக்கு நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. ஒரு வேளை மாத்திரையை விடக்கூடாது என்று நம்மிடம் சொன்னவர்கள்தான் அவர்கள். சிகிச்சை அட்டையில் நோயாளி வராத நாளுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. மருந்து வராத நாளுக்கும் ஒரு கட்டம் போடுங்கள். அதை நோயாளி நிரப்பட்டும், எழுதத் தெரியாவிட்டால் கைநாட்டு வைக்கட்டும். இரண்டு பக்கமும் கணக்கு எழுதுகிற அட்டையை முதலில் அச்சடியுங்கள். அதன்பிறகு எங்களிடம் வந்து ஒத்துழைப்பைப் பற்றிப் பேசுங்கள்.